தள்ளாத வயதினரை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றபின், மதுரையில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெற்றோரைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் மகன்களும் மருமகள்களும்கூட இப்போது வகுப்புக்கு வருகிறார்கள். யார் வந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

தள்ளாமைன்னா வயசாயிடுச்சுன்னு தானே அர்த்தம்? இதுல தனியா கத்துக்க என்ன இருக்கு?

வயது எல்லோருக்கும் ஏறும். தள்ளாமை எல்லோருக்கும் வருவதில்லை. 85 வயதில் திருப்பரங்குன்றம் படியேறுகிறவர் உண்டு. 68 வயதில் வாசல் வரை நடந்துவிட்டு மூச்சு வாங்க உட்காருகிறவரும் உண்டு. மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: முயலாமலே எடை குறைவது, எந்நேரமும் அலுப்பு, கைப்பிடியில் பலமில்லாமை, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தாலே தள்ளாமை என்று கணக்கு. 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர் குழுவினரும் வகுத்த அளவுகோல் இது.

இப்படிப்பட்டவருக்கு உடம்பில் கையிருப்பு குறைவு. நமக்கு வரும் இரண்டு நாள் காய்ச்சல் அவரை ஒரு மாதம் படுக்கையில் போட்டுவிடும். ஒரு தடவை வழுக்கி விழுந்தால் அதோடு நடையே நின்றுபோகலாம். சின்ன மாற்றத்தையும் அன்றே கவனிக்கிற கண் அருகில் இருக்க வேண்டும் என்பதால்தான் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

நான் எட்டாவது தான் படிச்சிருக்கேன். இந்த வேலைக்கு வரலாமா? வேலை கிடைக்குமா?

வரலாம். மாத்திரை அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டியாவது படிக்கவும், மணி பார்க்கவும், நடந்ததை நாலு வரி எழுதவும் தெரிந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. வேலைக்குப் பஞ்சமில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். ஊரில் எல்லோரையும் ‘ஹோம் நர்ஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சில மாதப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் செவிலியர் ஆகிவிட மாட்டார். எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பது ஊசியும் டியூபும் பற்றிய கேள்வியில் வரும்.

பயிற்சியில முதல்ல என்ன சொல்லித் தருவீங்க?

கை கழுவுவது. சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து, 40 நொடியாவது. எல்லோரும் தெரியும் என்பார்கள். செய்யச் சொன்னால் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள்.

அடுத்து, ஒருவருக்கு ஒருவர் சோறு ஊட்டச் சொல்வேன். ஊட்டிக்கொள்கிறவர் கண்ணைத் துணியால் கட்டியிருக்க வேண்டும், கையை அசைக்கக் கூடாது. அடுத்த கவளம் எப்போது வரும், சூடா ஆறியதா, எதுவும் தெரியாது. மென்று முடிப்பதற்குள் கரண்டி உதட்டில் இடிக்கும். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கட்டிலில் அசையாமல் படுக்க வைப்பேன். எழுந்ததும் ஒவ்வொருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ‘இப்படியா வலிக்கும்!’ என்கிறார்கள். நான் எவ்வளவு பேசினாலும் வராத பாடம் அந்த இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும்.

எல்லாத்தையும் நாமே செஞ்சு கொடுக்கிறது தானே நல்ல கவனிப்பு?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் மாமியாருக்கு 79 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தார். நான் செவிலியர், எல்லாம் தெரிந்தவள். பாசத்தில் பல் துலக்கிவிட்டேன், தலை சீவினேன், ஊட்டினேன், தண்ணீர்ச் செம்பைக்கூட வாயருகே பிடித்தேன். ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் நான் வரத் தாமதமானது. எதிரில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அடிபட்டது இடுப்பில், ஆனால் கை, சாப்பிடுவதையே மறந்திருந்தது. அதை மீட்க மூன்று மாதம் ஆயிற்று.

ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்கள் காலில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஏற்கெனவே தளர்ந்தவருக்கு என்ன ஆகும்! அதனால் சட்டையின் ஒரு கையை நீங்கள் மாட்டுங்கள், மறு கையை அவர் மாட்டட்டும். பித்தானைப் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்றால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இந்த வேலையில் நான் சொல்லித்தருவதிலேயே கடினமான பாடம், சும்மா நின்று காத்திருப்பதுதான். தூரத்திலிருந்து பார்க்கும் மகனுக்கு நீங்கள் வேலை செய்யாமல் நிற்பதாகத் தோன்றலாம். முதல் நாளே அவரிடம் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிடுச்சு. எப்படித் தூக்குறது?

தூக்காதீர்கள். அவரை எழச் செய்யுங்கள். முதலில் அவரை உங்கள் பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரட்டும். உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். படுத்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ‘மூக்கைக் கால்விரலுக்கு நேரே கொண்டுவாங்க’ என்று சொல்லுங்கள். உடம்பு முன்னால் சாய்ந்தால் பின்பாகம் தானே எழும்பும். நீங்கள் இடுப்பைப் பிடித்து வழிகாட்டினால் போதும். இடுப்பில் கட்டும் பிடிப்பட்டை கடையில் கிடைக்கிறது, வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு நேராக இருக்கட்டும். ஒருபோதும் அக்குளில் கைகொடுத்தோ கையைப் பிடித்தோ இழுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு அந்தப் பக்கத் தோள்மூட்டு சுலபமாக நழுவும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவருக்குப் பலமுள்ள பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே மாற்றுங்கள். இதற்கு மேலும் பாரம் உங்கள் மேல் விழுகிறது என்றால் அது இருவர் செய்யும் வேலை. தனியாகச் செய்ய மாட்டேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

படுக்கையிலேயே இருக்காங்க. புண்ணு வராம இருக்க பவுடர் போட்டா போதுமா?

போதாது. பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி இன்னும் உரசும். படுக்கைப் புண் வருவது அழுத்தத்தால். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால் அந்த இடம் சாகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்: இடம், மல்லாக்க, வலம் என்று. முழுவதும் பக்கவாட்டில் போடாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்காது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்கும். புரட்டும்போது இழுக்காதீர்கள்; அடியில் மடித்த சேலையோ விரிப்போ போட்டு, இருவர் பிடித்து நகர்த்துங்கள்.

தினமும் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, காதுமடல், பின்தலை எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூடாக, கெட்டியாக, வலியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம்; அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஏர் பெட் நல்லதுதான். ஆனால் அதை வாங்கியதும் புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது.

ரசம் சாதம் கரைச்சுக் கொடுத்தாக்கூட புரையேறுதே?

ரசம் சாதத்தால்தான் புரையேறுகிறது. முடியாதவருக்கு ரசம் சாதம் என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். ஆனால் விழுங்கத் தடுமாறுகிறவருக்கு நீரும் பருக்கையும் கலந்த உணவு சிரமம் தரும். பருக்கையை வாய் மென்றுகொண்டிருக்கும்போதே நீர் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவருக்கு ஒரே பதமாகக் குழைந்தது நல்லது: கெட்டியான கேழ்வரகுக் கூழ், பருப்போடு மசித்த சாதம், தயிரில் மசித்த இட்லி.

நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள், தாடை சற்றே தாழ்ந்திருக்கட்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்க வேண்டிவரும், அது ஆபத்து. எதிரில் உட்காருங்கள். டீ ஸ்பூனில் பாதி கொடுத்துத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. டிவியை நிறுத்துங்கள். முடிந்ததும் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போகிறது என்பதற்கு அவை அடையாளமாக இருக்கலாம்.

தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாங்க. ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு பயப்படுறாங்க.

வயதானால் தாகம் தெரிவது குறையும், அதனால் அவர்களாகக் கேட்க மாட்டார்கள். காலை முதல் மாலை ஆறு மணிக்குள் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுங்கள். செம்பு நிறையக் கொண்டுபோய் நீட்டினால் மறுப்பார்கள். மணிக்கு ஒருமுறை அரை டம்ளர் என்றால் உள்ளே போகும். மோர், இளநீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவுதான். இளநீரையும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். இரவுப் பயம் நியாயமானது. கட்டிலருகே கமோட் நாற்காலியும் வழியில் சின்ன விளக்கும் இருந்தால் அந்தப் பயம் பாதி தீரும்.

குளிக்க வைக்கப் போனா ஐயா திட்டுறாரு, அடிக்கக் கை ஓங்குறாரு. என்ன பண்றது?

அறுபது எழுபது வருடம் தானே குளித்த மனிதர். யாரோ ஒருவர் வேட்டியை அவிழ்த்தால் கோபம் வராதா? முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு தொடுங்கள். ஒரு துண்டு எப்போதும் மேலே கிடக்கட்டும். துடைக்கும் பகுதியை மட்டும் விலக்குங்கள். அந்தரங்க உறுப்புகளைக் கழுவத் துணியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்தவரை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அப்புறம், ‘தாத்தா சமர்த்தா குளிங்க’ என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோலப் பேசாதீர்கள். ஐயா, அம்மா, இல்லை அவர் விரும்பும் முறை. மறதி நோய் உள்ளவர் இன்று மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்துப் போய்க் கேளுங்கள். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்பதில்லை, உடம்பைத் துடைத்தாலே போதும். எண்ணெய்க் குளியல் கேட்டால் எண்ணெயைத் தலையோடு நிறுத்துங்கள். பாதத்திலும் தரையிலும் எண்ணெய் இருந்தால் வழுக்கி விழுவார்.

மாத்திரையைப் பொடிச்சு சாப்பாட்டுல கலந்துடலாமா?

கேட்காமல் பொடிக்காதீர்கள். சில மாத்திரைகள் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்தவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறும். மருத்துவரைக் கேட்டால் பல மருந்துகள் திரவமாகக் கிடைக்கும் என்பார். சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் கலப்பது இன்னொரு வகையில் தப்பு. ஒருநாள் கசப்பில் கண்டுபிடித்தால் அதன்பின் நீங்கள் கொடுக்கும் சோற்றையும் நம்ப மாட்டார். ஒருவேளை கொடுக்க மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, மருத்துவரைக் கேளுங்கள்.

விழுந்துட்டா உடனே தூக்கி உட்கார வைக்கணும்ல?

கூடாது. பதறித் தூக்குவதில்தான் முறிந்த எலும்பு இன்னும் விலகுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே வலி, தலையில் அடியா, கை கால் அசைகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு, அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி ஒன்றும் இல்லை என்றால் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, முட்டி போட்டு, அதைப் பிடித்து அவராக எழ உதவுங்கள். தூக்குவது பற்றி மேலே சொன்னதெல்லாம் இங்கேயும்தான்.

நேத்து வரைக்கும் நல்லா பேசினாங்க. இன்னிக்கு உளறுறாங்க. வயசானா அப்படித்தானே?

அப்படி இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒரே நாளில், இரண்டே நாளில் புத்தி தடுமாறினால் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று பொருள். சிறுநீர்க் கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இப்படி ஏதாவது ஒன்று. முதியவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம். எப்போதும் துருதுருவென்றிருப்பவர் திடீரென்று எந்நேரமும் தூங்கினாலும் இதே கணக்குதான். சத்தமில்லாமல் இருப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சுக் குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரிந்தவர் அங்கே நீங்கள் மட்டும்தான். சர்க்கரை நோயாளி என்றால் கருவியில் சர்க்கரை அளவையும் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்க முடிந்தால் மூன்று டீ ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்சுலின் ஊசி, மூக்கு டியூப், யூரின் டியூப் எல்லாம் நாங்களே பார்த்துக்கலாமா?

டியூபைப் போடுவதும் மாற்றுவதும் செவிலியர் வேலை. போட்டிருக்கும் டியூபைப் பராமரிப்பது, அந்த நோயாளிக்கென்று செவிலியர் உங்களுக்கு நேரில் சொல்லிக்கொடுத்திருந்தால் உங்கள் வேலை. யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது, நிரம்பும்வரை விடக் கூடாது. மூக்கு டியூபில் கொடுக்கும்போதும் கொடுத்து முடித்த பின்னும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். டியூப் வெளியே வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இன்சுலின் அளவை உங்கள் யோசனையில் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவர் சாப்பிடவில்லை என்றால் ஊசிக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டார், ‘பரவாயில்ல, நீயே போடு’ என்று வற்புறுத்தினாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

தினமும் நோட்டுல என்னதான் எழுதறது?

சாப்பிட்டது, குடித்தது, மலம், சிறுநீர், தூக்கம், மாத்திரை, தோலில் கண்டது, வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அது. ‘நல்லா இருந்தாங்க’ என்று எழுதாதீர்கள். ‘ரெண்டு இட்லி, பாதி விட்டாங்க’ என்று எழுதுங்கள். புத்தி தடுமாறியது எந்த நாளில் என்று மருத்துவர் கேட்டால் பதில் இந்த நோட்டில்தான் இருக்கும்.

டியூபைப் பிடுங்குறாங்கன்னு கையைக் கட்டி வைக்கச் சொல்றாங்க வீட்டுக்காரங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள். கட்டினால் திமிறி இன்னும் காயப்படுவார்கள், குழப்பமும் கூடும். ஏன் பிடுங்குகிறார் என்று பாருங்கள்: பிளாஸ்திரி அரிக்கிறதா, டியூப் இழுபடுகிறதா, வலியா, டயப்பர் நனைந்திருக்கிறதா? டியூபைக் கண்ணில் படாமல் சட்டைக்குள் விட்டு, கையில் ஒரு துணியோ ஜெபமாலையோ கொடுத்துப் பாருங்கள். இனியும் அந்த டியூப் தேவையா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லி வீட்டாரைத் தூண்டுங்கள். பல சமயம் தேவையே இருக்காது.

வீட்டு ஆளே அந்த அம்மாவை அடிக்கிறதைப் பார்த்தேன். சொன்னா வேலை போயிடுமே?

போகலாம். இருந்தாலும் சொல்ல வேண்டும். 14567 முதியோருக்கான உதவி எண். கட்டணம் இல்லை. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முதியவரைக் கைவிடுவதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியிருக்கிறது. அடித்தால் அது காவல்துறை விஷயம். நோட்டில் தேதி போட்டு, காயம் எங்கே, என்ன நிறம் என்று கண்டதை மட்டும் எழுதிவையுங்கள். பராமரிப்பவர் களைப்பின் உச்சத்தில் கை நீட்டுவதும் உண்டு. அங்கே அவருக்கும் ஓய்வு கிடைக்க வழி செய்ய வேண்டும். அதற்காக அடியை மறைக்கலாம் என்று ஆகாது.

24 மணி நேர வேலை. ராத்திரியும் நாலு தடவை எழுப்புறாங்க. எனக்கே தள்ளலை.

தூங்காதவர் கையில் மாத்திரை மாறும், பிடி நழுவும். வேலைக்குச் சேரும்போதே பேசுங்கள்: தொடர்ந்து தூங்க எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் விடுப்பு, இரவு இரண்டாவது ஆள் யார். இதைக் கேட்பது பேராசை இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோரைத் தனியே பார்க்கும் மகளுக்கும் இதையே சொல்வேன். வாரத்தில் அரை நாள் அண்ணனோ தம்பியோ வந்து உட்காரட்டும்.

அரசாங்கத்துல ஏதாவது உதவி கிடைக்குமா?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இயன்முறை மருத்துவர் வரும்போது வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, எழுப்பும் முறையை உங்கள் கையால் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-ல் திறந்த முதியோருக்கான தேசிய மருத்துவமனையும் இருக்கிறது.

கடைசி நாள்னு டாக்டர் சொல்லிட்டாரு. எதுவும் சாப்பிட மாட்டேங்கிறாங்க. பட்டினி போடுற மாதிரி இருக்கே?

அந்தக் கட்டத்தில் உடம்புக்கு உணவு தேவைப்படுவதில்லை. பசியும் பெரும்பாலும் இருக்காது. வற்புறுத்தி ஊட்டினால் ரசம் சாதக் கேள்வியில் சொன்னபடி மூச்சுக்குழலில்தான் இறங்கும். அவர் கேட்டால் மட்டும், கேட்ட அளவு. மற்றபடி வாய் வறளாமல் ஈரப்பஞ்சால் அடிக்கடி ஒற்றுங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், மெதுவாகப் புரட்டிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் காது கேட்கும் என்று எண்ணியே பேசுங்கள். அவர் தலைமாட்டில் நின்று சொத்துப் பேச்சு வேண்டாம் என்று உறவினரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

உறவினர் ஒவ்வொருவராக வந்து பால் விடுவார்கள். அந்த வழக்கத்தைத் தடுக்காதீர்கள். அது அவர்கள் விடைகொடுக்கும் முறை. ஆனால் கரண்டியால் வாயில் ஊற்றினால் அவருக்கு மூச்சு முட்டும். ஒரு வெள்ளைத் துணியைப் பாலில் நனைத்து, ‘உதட்டுல தொட்டு வைங்க, போதும்’ என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.